நிராகரிக்கப்பட்ட சரக்கு யார் வாசலில் நிற்கிறது?

2020 ஆகஸ்ட் 4 மாலை லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியது. அந்தக் காணொளியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்போம். அடுத்த இரண்டே நாளில் செய்தி நம் ஊருக்கு வந்துவிட்டது. பெய்ரூட்டில் வெடித்த அதே அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் இருக்கிறது, 37 கண்டெய்னர்களில் சுமார் 697 டன், ஐந்து வருடமாக இருக்கிறது என்றார்கள்.

ஐந்து வருடம்! அந்த யார்டைச் சுற்றி வாழ்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

தோழர்களே, ஒரு சரக்கு கப்பலில் வருகிறது. சுங்கத்துறை சோதிக்கிறது. விதிக்குப் பொருந்தவில்லை, உள்ளே விட முடியாது என்கிறது. செய்தித்தாளில் "பறிமுதல்" என்று தலைப்பு வருகிறது. நாமும் நல்லது நடந்துவிட்டதாக நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். பறிமுதல் செய்த பொருள் அதன் பிறகு எங்கே போகிறது, யார் அதைத் தூக்குகிறார்கள், யார் வீட்டுப் பக்கத்தில் அது கிடக்கிறது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. நம் இயக்கங்கள் படிக்க வேண்டிய வரலாறு அது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகள்

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம்தான் அடிப்படை. தடை செய்யப்பட்ட பொருளையோ, பொய் விவரம் சொல்லிக் கொண்டுவந்த பொருளையோ பறிமுதல் செய்யப் பிரிவு 111 அதிகாரம் தருகிறது. பிரிவு 125இன் கீழ், பறிமுதலுக்குப் பதிலாக அபராதம் கட்டிப் பொருளை மீட்டுக்கொள்ளவும் வழி உண்டு. இறக்கிய 30 நாளுக்குள் யாரும் எடுக்காத சரக்கை உரியவருக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு விற்கலாம் என்கிறது பிரிவு 48.

ஆக, சோதனையில் தோற்ற சரக்கு போவதற்கு நான்கு வழிகள்: வந்த நாட்டுக்கே திரும்பிப் போவது, ஏலத்தில் போவது, அழிக்கப்படுவது, வழக்கு முடியும் வரை கிடங்கில் கிடப்பது. முதல் மூன்றுக்கும் காசு வேண்டும், கையெழுத்து வேண்டும், யாராவது முடிவெடுக்க வேண்டும். நான்காவதற்கு எதுவும் வேண்டாம். யாரும் எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும், அது தானாக நடக்கும். அதனால்தான் எல்லா நாட்டிலும் அதுவே அதிகம் நடக்கிறது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்தான பொருளை வழக்கு முடியும் வரை வைத்திருக்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. பிரிவு 110இன் உட்பிரிவு 1ஏ, கெட்டுப்போகும் பொருள், ஆபத்தான பொருள் போன்றவற்றை அரசு பட்டியலிட்டு, பறிமுதலான உடனேயே அப்புறப்படுத்த வழி செய்கிறது. பொருளின் விவரப் பட்டியலை எடுத்து, மாஜிஸ்திரேட் சான்றளித்துவிட்டால் வழக்குக்குச் சாட்சியும் கெடாது. "வழக்கு நிலுவையில் இருந்தது, அதனால் வைத்திருந்தோம்" என்று யாராவது சொன்னால், இந்தப் பிரிவை எடுத்து அவர்கள் முன் வையுங்கள்.

கோகோ: மாணவர்கள் எழுதிய கடிதங்கள்

கதையை 1988இல் தொடங்கலாம். நைஜீரியாவில் கோகோ என்று ஒரு சிறு துறைமுக ஊர். 1987இலும் 1988இலும் இத்தாலியிலிருந்து கப்பல்களில் பீப்பாய்கள் வந்து இறங்கின. சரக்குப் பத்திரத்தில் வேறு பெயர் இருந்தது. உள்ளே இருந்தது தொழிற்சாலைக் கழிவு, அதில் பிசிபி என்னும் கொடிய வேதிப்பொருளும் இருந்தது. சுமார் 8,000 பீப்பாய்கள். உள்ளூர்க்காரர் ஒருவரின் காலி மனையை மாத வாடகைக்குப் பிடித்து அங்கே அடுக்கிவைத்தார்கள். ஊர் மக்களில் சிலர் பீப்பாயைக் காலி செய்து தண்ணீர் பிடித்து வைக்கக்கூட எடுத்துப் போனார்கள்.

இதை வெளியே கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள். அங்கே பத்திரிகையில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு, தம் நாட்டுப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். நைஜீரிய அரசு கொதித்தது. தன் தூதரைத் திரும்ப அழைத்தது, ஒரு இத்தாலியக் கப்பலைப் பிடித்து வைத்தது. கடைசியில் இத்தாலி கழிவைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. கரின் பி என்ற கப்பல் அதை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவில் துறைமுகம் துறைமுகமாக அலைந்தது. பல நாடுகள் உள்ளே விடவில்லை. ஆப்பிரிக்காவின் ஒரு மனையில் மாதக்கணக்கில் கிடக்கலாம் என்று கருதப்பட்ட பொருளை, ஐரோப்பியத் துறைமுகங்கள் ஒரு நாள்கூடத் தாங்கத் தயாராக இல்லை.

அந்தப் பீப்பாய்களை மீண்டும் அடைத்துக் கப்பலில் ஏற்றிய நைஜீரியத் தொழிலாளர்கள் வேதிப்பொருள் பட்டு நோய்வாய்ப்பட்டார்கள். நைஜீரியா வென்ற கதையில் இந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் வந்து போவார்கள்.

அதே காலத்தில்தான் கியான் சீ என்ற கப்பல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குப்பையை எரித்த சாம்பலை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றியது. 1988 தொடக்கத்தில் ஹைத்தியில் சில ஆயிரம் டன்னை "உரம்" என்று சொல்லிக் கொட்டிவிட்டு ஓடியது. மீதி கடலில் போனது. இந்தச் சம்பவங்கள் எழுப்பிய கோபத்தில்தான் 1989 மார்ச்சில் பாசல் உடன்படிக்கை பிறந்தது. 1992 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. சட்டவிரோதமாக அனுப்பிய அபாயக் கழிவை அனுப்பிய நாடே திரும்ப எடுக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி.

நாவா ஷேவாவும் காசியாபாத்தும்

உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகும் இந்தியத் துறைமுகங்களுக்குக் கழிவு வருவது நிற்கவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. அந்த வழக்கில் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஓர் உயர்மட்டக் குழு அமைந்தது. 2003 அக்டோபர் 14 அன்று நீதிமன்றம் விரிவான உத்தரவு போட்டது. மும்பைக்கு அருகில் நாவா ஷேவா துறைமுகத்தில் 133 கண்டெய்னர் கழிவு எண்ணெய் பல ஆண்டுகளாகக் கிடந்த விவகாரமும் அதில்தான் வந்தது. எண்ணெய் என்று பெயர் சொல்லிக் கொண்டுவரப்பட்ட அபாயக் கழிவு அது. உரிய எரிகலனில் அதை எரித்து அழிக்க வேண்டும், செலவை இறக்குமதியாளர்கள் ஏற்க வேண்டும் என்று 2005 ஜனவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

செலவு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே தெளிவான பதில் கிடைத்தது. அது முக்கியமான வெற்றி. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை துறைமுகத்துக்குள்ளும் நுழைந்தது. கையாளும் வேலை யாருடையது என்ற கேள்வி இரண்டாம் இடத்திலேயே இருந்தது.

அந்த இரண்டாம் கேள்விக்கு 2004இல் பதில் வந்தது, மிகக் கொடூரமாக. செப்டம்பர் 30 அன்று டெல்லியை அடுத்த காசியாபாத் மாவட்டத்தில் ஓர் உருக்காலையில் வெடி வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். இறக்குமதியான இரும்புப் பழசரக்கில் வெடிக்காத குண்டுகள் கலந்து வந்திருந்தன. போர் நடந்த மண்ணிலிருந்து திரட்டிய பழைய இரும்பு. துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்து முழுதாகப் பார்த்தவர் எவரும் இல்லை. குண்டைக் கடைசியில் சோதித்தவர்கள் அதைக் கையில் எடுத்த கூலித் தொழிலாளர்கள். அதற்குப் பிறகு நாட்டின் பல இடங்களில் பழசரக்குக் குவியல்களிலிருந்து குண்டுகள் எடுக்கப்பட்டன. ஏற்றுமதி நாட்டிலேயே சோதித்துச் சான்று வாங்கி வர வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. 10 உயிர்கள் போன பிறகு.

மணலியில் ஐந்து வருடம்

இப்போது மணலிக்கு வருவோம். 2015இல் தென்கொரியாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு அம்மோனியம் நைட்ரேட் வந்தது. உரமாகவும் பயன்படும், பாறை உடைக்கும் வெடிமருந்தாகவும் பயன்படும் பொருள். அதைக் கொண்டுவரவும் சேமிக்கவும் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி தனி உரிமம் வேண்டும். இந்தச் சரக்குக்கு உரிய உரிமம் இல்லை, விவரம் தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று சுங்கத்துறை அதைப் பறிமுதல் செய்தது. அதுவரை அதிகாரிகள் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

பிறகு சரக்கு மணலிக் கண்டெய்னர் யார்டுக்குப் போனது. வழக்கு நடந்தது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் சரக்கின் ஒரு பகுதி நனைந்து வீணானது. 2016 போனது, 2017 போனது. யார்டின் வாசலில் லாரிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. சரக்கு அதே இடத்தில் இருந்தது.

பெய்ரூட் வெடித்ததும் எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. நாட்டின் எல்லாத் துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் உள்ள அபாயப் பொருட்களை 48 மணி நேரத்துக்குள் சரிபார்க்கும்படி மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் உத்தரவிட்டது. சரக்கு பாதுகாப்பாக இருக்கிறது, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பு இல்லை என்று சென்னைச் சுங்கத்துறை விளக்கம் தந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்தபோதோ மணலி புதுநகரும் சடையங்குப்பமும் அந்தச் சுற்றளவுக்குள்ளேயே இருந்தன. சுமார் 12 ஆயிரம் பேர்.

12 ஆயிரம் பேர் வாழும் இடத்தை "குடியிருப்பு இல்லை" என்று சொல்ல முடிகிறது. இதைக் கேட்டு நமக்கு ஆச்சரியம் வரவில்லை என்றால், அந்த மொழி நமக்கு ஏற்கெனவே பழக்கமானது என்று பொருள். ஊர் என்றால் ஊர், சேரி கணக்கில் வராது. நகரம் என்றால் தென்சென்னை, வட சென்னை "தொழிற்பகுதி". 

ஆகஸ்ட் 9 முதல் கண்டெய்னர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு ஐதராபாத்துக்குப் புறப்பட்டன. ஏலத்தில் எடுத்த நிறுவனத்துக்குப் போயின. ஐந்து வருடம் நகராத சரக்கு ஐந்தே நாளில் நகர ஆரம்பித்தது. முடியாது என்று எதுவும் இருக்கவில்லை. அவசரம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கரந்தீனா என்றொரு சேரி

பெய்ரூட்டுக்கும் மணலிக்கும் உள்ள ஒற்றுமை வேதிப்பொருளோடு முடிவதில்லை. ரோசஸ் என்ற பழுதான கப்பல் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டோடு 2013 நவம்பரில் பெய்ரூட் வந்தது. ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போக வேண்டிய சரக்கு. கடலில் போகத் தகுதியில்லை என்று கப்பல் தடுக்கப்பட்டது, உரிமையாளர் கைவிட்டார், 2014இல் சரக்கை 12ஆம் எண் கிடங்கில் இறக்கினார்கள். சுங்க அதிகாரிகள் 2014 முதல் 2017 வரை நீதிபதிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்கள். மறு ஏற்றுமதி செய்யலாம், இராணுவத்துக்குக் கொடுக்கலாம், வெடிமருந்து நிறுவனத்துக்கு விற்கலாம் என்று வழிகளையும் சொன்னார்கள். கடிதங்கள் கோப்பில் சேர்ந்தன. சரக்கு கிடங்கில் இருந்தது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

துறைமுகத்தை ஒட்டி ஒரு ஏழைக் குடியிருப்பு, பெயர் கரந்தீனா. 1830களில் கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து தனிமைப்படுத்தி வைத்த இடம் என்பதால் வந்த பெயர். உள்ளே விடத் தயங்கியவர்களை நிறுத்தி வைத்த இடமே பின்னாளில் அகதிகளும் கூலிகளும் வாழும் இடமானது. ஆர்மீனியர், பாலஸ்தீனர், குர்துகள், சிரியர் என ஒவ்வொரு அலையாக வந்தவர்கள் அங்கே தங்கினார்கள். நகரத்தின் ஆடுமாடு அறுக்கும் கூடமும் அங்கேதான் வந்தது, குப்பை பிரிக்கும் ஆலையும் அங்கேதான் வந்தது. வெடிப்பில் மிக மோசமாகச் சிதைந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. இறந்தவர்களில் சிரிய அகதிகளும், வங்கதேசம், பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்களும் உண்டு.

அறுக்கும் கூடம், குப்பை, அகதிகள், நிராகரிக்கப்பட்ட சரக்கு. எல்லாம் ஒரே இடத்தில். நம் ஊர் சுடுகாடும் குப்பைமேடும் சேரியும் எப்படி ஒரே திசையில் அமைந்தன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் சாதி எங்கே இருக்கிறது?

இங்கே கவனமாகப் பேச வேண்டும். வட சென்னையில் தலித் மக்கள் மட்டும் வாழவில்லை. மீனவர்கள், பிற உழைக்கும் சாதியினர், இஸ்லாமியர், வடமாநிலத் தொழிலாளர்கள் எல்லோரும் வாழ்கிறார்கள். மணலி விவகாரத்தைத் தலித்துகளுக்கு எதிராகத் திட்டமிட்டுச் செய்த சதி என்று எழுதுவது எளிது. அது உண்மையாகாது, நம் வாதத்தையும் பலவீனப்படுத்தும்.

சாதி இங்கே வேறு விதமாக வேலை செய்கிறது. தீண்டத்தகாதது என்று ஒரு பொருளை அறிவித்துவிட்டு, அதைத் தொடுவதற்கென்று சில மனிதர்களை ஒதுக்கி வைத்த சமூகம் இது. செத்த மாடு தீட்டு, அதைத் தூக்க ஆள் உண்டு. மலம் தீட்டு, அதை அள்ள ஆள் உண்டு. தொழிலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடுதான் சாதி என்ற சமாதானத்தை அம்பேத்கர் 1936லேயே உடைத்துப் போட்டார். அந்தப் பழக்கம் நவீன நிர்வாகத்துக்குள் எழுதப்படாத விதியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆபத்தானதை எங்கே வைப்பது என்று கேட்டால், ஏற்கெனவே ஆபத்து இருக்கும் இடத்தில் வை. யார் அள்ளுவது என்று கேட்டால், எப்போதும் அள்ளுகிறவர்களைக் கூப்பிடு.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது நினைவிருக்கும். எவ்வளவோ இயந்திரங்கள் உள்ள நாட்டில் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர்கள் கையால்தான் அள்ளினார்கள். ஏறக்குறைய ஏழு வருடத்தில் மாறாதது அந்த வாளி.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான 1993, 2013 சட்டங்களை நாம் போராடிப் பெற்றோம். அந்தச் சட்டங்கள் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை, சாக்கடைச் சாவுகள் தொடர்கின்றன. இருந்தாலும் அந்தச் சட்டங்கள் ஒன்றைச் செய்தன. அள்ளுகிற மனிதரைச் சட்டத்தின் மையத்தில் வைத்தன. யார் இறந்தார், யார் இறக்கிவிட்டார், இழப்பீடு எவ்வளவு என்று கேட்க முடிகிறது. சுங்கக் கோப்பில் இறக்குமதியாளர் பெயர் உண்டு, எடை உண்டு, மதிப்பு உண்டு, அபராதம் உண்டு. கண்டெய்னரைத் திறக்கிறவருக்கும், சுற்றி வாழ்கிறவருக்கும் அங்கே ஒரு கட்டம்கூட இல்லை.

திருப்பி அனுப்ப முடியும்

இலங்கை ஒரு நல்ல பாடம் தந்திருக்கிறது. 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து 263 கண்டெய்னர்கள் அங்கே வந்தன. பழைய மெத்தை, தரைவிரிப்பு, மறுசுழற்சிக்கு என்று சொல்லப்பட்டது. உள்ளே மருத்துவமனைக் கழிவும் இருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் நாற்றம் எடுக்கத் தொடங்கிய பிறகு விவகாரம் வெளியே வந்தது. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்ப உத்தரவிட்டது. 2020 செப்டம்பரில் முதல் 21 கண்டெய்னர்கள் திரும்பிப் போயின. 2022 பிப்ரவரியில் கடைசி 45 போயின.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, சட்டவிரோதமாக வந்த கழிவை 90 நாளுக்குள் இறக்குமதியாளர் தன் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். அதை உறுதி செய்வது துறைமுகம், சுங்கத்துறை ஆகியவற்றின் பொறுப்பு. கழிவுத் தாள் என்ற பெயரில் வீட்டுக் குப்பை தூத்துக்குடிக்கு வந்து பிடிபட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பிடிபட்ட செய்திக்குப் பிறகு 90 நாளை எண்ணியவர்கள் யார்?

நாம் எண்ணலாம். சட்டம் படிக்கும் மாணவர்கள், வட சென்னையிலும் தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் வேலை செய்யும் தோழர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் இந்தக் கேள்விகளை அனுப்புங்கள். உங்கள் பகுதிக் கண்டெய்னர் யார்டுகளில் ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கும் அபாயச் சரக்கு என்னென்ன, எவ்வளவு? ஒவ்வொன்றையும் அப்புறப்படுத்தக் கடைசியாக எப்போது நடவடிக்கை எடுக்கப்பட்டது? 90 நாள் விதி எத்தனை முறை நிறைவேறியது? அழிப்பு வேலையை எந்த ஒப்பந்தக்காரர் எடுத்தார், தொழிலாளர்களுக்கு என்ன பாதுகாப்புக் கருவி கொடுக்கப்பட்டது? அருகிலுள்ள குடியிருப்பில் அவசரகாலத் திட்டத்தை விளக்கும் கூட்டம் எப்போது நடந்தது?

ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்தால் அதைத் தமிழில் எழுதி அந்தப் பகுதி மக்கள் கையில் கொடுங்கள். கோகோவில் உண்மையை வெளியே கொண்டுவந்தது மாணவர்கள் எழுதிய கடிதங்கள். பெய்ரூட்டிலும் கடிதங்கள் எழுதப்பட்டன, அவை அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவிலேயே நின்றுவிட்டன. கரந்தீனா மக்களில் ஒருவர் கைக்காவது அந்தக் கடிதம் போயிருந்தால், 12ஆம் எண் கிடங்கின் முன்னால் ஒரு கூட்டம் கூடியிருக்கும்.

மணலி புதுநகர் மக்களுக்கு 2015லேயே சொல்லியிருந்தால் அவர்களும் கூடியிருப்பார்கள். அடுத்த சரக்கு பற்றி அவர்களுக்கு நாம் முன்கூட்டியே சொல்வோம்.

ஜெய்பீம்.